பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்பது விஷன் ஆகாதா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து 39 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

எம்.எஸ்சி. கணிதம் படித்தவர். ஒரு மெட்ரிக் பள்ளியில் இரண்டு வருடம் பாடம் எடுத்தார். மூத்த பெண் பிறந்ததும் வேலையை விட்டார். பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு, பையன் ஐந்தாம் வகுப்பு. கணவர் தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் கிளை மேலாளர். வரும் ஜூனில் அவருக்கு ஓசூருக்கு மாற்றல் வரக்கூடும். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த மாமியார் கூடவே இருக்கிறார்.

சில மாதங்களுக்கு முன் 6,500 ரூபாய் கட்டி, இரண்டு நாள் ‘லைஃப் விஷன்’ (வாழ்க்கை லட்சியம்) முகாம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். ‘உங்கள் வாழ்க்கையின் விஷன் என்ன?’ என்ற கேள்விக்கு, ‘என் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்’ என்று எழுதினாராம். பயிற்சியாளர் அதை மைக்கில் வாசித்து, “இது விஷன் இல்லம்மா, இது பயம்” என்றாராம். அப்புறம் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒரு போர்டில் ஒட்டச் சொன்னார்கள். நான்கு வட்டங்கள் வரைந்து நிரப்பச் சொன்னார்கள். நான்கும் சேரும் நடு இடத்தில் எழுத இவருக்கு ஒன்றும் வரவில்லை. ‘எனக்கு மட்டும் ஏன் ஒரு லட்சியம் இல்லை? படித்ததெல்லாம் வீணா? ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது’ என்று எழுதுகிறார்.

இதற்கிடையில் மூன்று வழிகள் அவர் முன்னால் நிற்கின்றன. தபாலில் பி.எட். முடித்து அரசுப் பள்ளி வேலைக்கு முயற்சி செய்வது. தோழி ஆரம்பிக்கும் பொட்டிக் துணிக்கடையில் நகையை அடகு வைத்து 3 லட்சம் போட்டுப் பங்குதாரர் ஆவது. வீட்டிலேயே கட்டணம் வாங்கி டியூஷன் எடுப்பது. மூன்றாவதற்குக் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘40 தாண்டினால் அரசு வேலையும் கிடையாது, ஒரே வருடம்தான் இருக்கிறது, எதைப் பிடிப்பது?’ என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. உங்களுக்கே பெரிதாகத் தெரியாத ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் தூக்கம்

மூன்று மணி விழிப்பை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். எவ்வளவு நாளாக இப்படி? கூடவே பசி குறைந்திருக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறதா? இவை இரண்டு வாரத்துக்கு மேல் அனேகமாக எல்லா நாளும் இருந்தால், அது லட்சியம் இல்லாத குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே மாதிரி ஆளைச் சோர்ந்துபோக வைக்கும். உங்கள் வயதில் இரண்டுமே சகஜம் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. ‘இனி இருந்து என்ன’ என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள்.

சோர்ந்த மனதோடு எதிர்காலத்தைப் பற்றி யோசித்தால் எல்லாக் கதவும் மூடித்தான் தெரியும். அதனால் இதை முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

அந்த நான்கு வட்டங்கள்

‘பிடித்தது, திறமை உள்ளது, உலகுக்குத் தேவையானது, காசு தருவது, இந்த நான்கும் சேரும் இடம்தான் ஜப்பானியர்கள் சொல்லும் இகிகாய்’ என்று முகாமில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்துக்கும் ஜப்பானுக்கும் சம்பந்தமில்லை. வாழ்வின் நோக்கம் என்ற பொருளில் ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவர் வரைந்தது அது. 2014-ல் பிரிட்டிஷ்காரர் ஒருவர் அதன் நடுவில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு ‘இகிகாய்’ என்று போட்டார். அதிலிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஜப்பானில் இகிகாயை, அதாவது வாழ்க்கைக்குப் பிடிப்புத் தருவதை, ஆழமாக ஆராய்ந்தவர் மியேகோ காமியா என்ற மனநல மருத்துவர். தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த ஒரு தீவு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். ஒரே நோய், ஒரே தீவு, ஒரே ஒதுக்கல். அப்படியிருந்தும் சிலருக்கு மட்டும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறதே, எப்படி என்று அவர் கேட்டார். அங்கே சம்பளம் ஏது, தொழில் ஏது? சாதாரண ஜப்பானியர் பேச்சிலும் பேரனோடு விளையாடுவது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் இகிகாய்தான். அந்த நடு இடம் காலியாக இருந்ததற்காக ஒரு வாரம் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. ஒருவருக்குக் காசு ஒரு வேலையிலும் நிறைவு வேறொன்றிலும் கிடைக்கலாம். ஊரில் நன்றாக வாழ்கிறவர்கள் பலர் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

போர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீச்சல் குளம் வைத்த வீடு, வெள்ளைக் கார், ஈபிள் கோபுரம் என்று நீங்கள் ஒட்டியதை எழுதியிருக்கிறீர்கள். முகாமில் கொடுத்த பத்திரிகைகளில் அந்தப் படங்கள்தானே இருந்திருக்கும்! கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் ஜெர்மனியில் படிப்பு முடித்த இளைஞர்களை இரண்டு வருடம் கவனித்தார். வேலை கிடைத்துவிட்ட மாதிரி இன்பமாக அதிகம் கற்பனை செய்தவர்களுக்கு, மற்றவர்களைவிட வேலை அழைப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. கிடைத்துவிட்டதாக மனம் நம்பிவிட்டால் உடம்பு ஏன் எழுந்து ஓடப்போகிறது? விரும்புவதை நினைத்த கையோடு, அதற்குக் குறுக்கே நிற்பது எது என்பதையும் நினைத்துப் பார்ப்பதுதான் பலன் தருகிறது என்பது அவருடைய முடிவு. உங்கள் போர்டில் மாமியாரின் முழங்காலுக்கோ ஓசூர் மாற்றலுக்கோ இடமே இல்லை.

பயிற்சியாளர் சொன்னதற்கு வருகிறேன். ஒரு தாய் எழுதியதை மைக்கில் வாசித்துக் கேலி செய்தது அநாகரிகம். நீங்கள் எழுதியது பயமும் இல்லை, தப்பும் இல்லை. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. உங்கள் பெண் நான்கு வருடத்தில் கல்லூரிக்குப் போய்விடுவாள். பையனுக்கும் அந்த நாள் வரும். பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டால், 50 வயதில் உங்களுக்கு வேலை இருக்காது. போதாக்குறைக்கு, உங்கள் வாழ்க்கை ஜெயித்ததா தோற்றதா என்பதை அந்தப் பெண்ணின் மதிப்பெண் சொல்ல வேண்டிவரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெரிய சுமை. அதனால் அந்த வரி இருக்கட்டும். பக்கத்தில் இன்னும் இரண்டு வரி சேர வேண்டும்.

உங்கள் கடிதத்திலேயே இருப்பது

அந்த வரிகளைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். முகாமைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய நீங்கள், ஐந்தாம் பக்கத்தின் ஓரத்தில் நான்கே வரியில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். வேன் டிரைவரின் மகன் பின்னக் கணக்கு புரியாமல் அழுததாகவும், இரண்டு வருடமாகச் சாயங்காலம் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதாகவும், இப்போது இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்ந்துகொண்டதாகவும், காசு வாங்குவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியில், நூறு சதவீதத் தேர்ச்சி கெட்டுவிடும் என்று ஒரு பள்ளி, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் உங்களுக்குச் சொந்தமும் இல்லை.

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் ‘உங்கள் கனவு என்ன’ என்று நான் கேட்பதை விட்டுப் பல வருடமாகிறது. கேட்டால் அடுத்தவர் கனவு ஒன்றை ஒப்பிப்பார்கள். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கிறேன். யாரும் கேட்காமல், காசும் வாங்காமல் நீங்கள் விடாமல் செய்வது எது? உங்களுக்கு நேராத ஒரு அநியாயத்துக்காகக் கடைசியாக எப்போது கோபப்பட்டீர்கள்? யார் வாழ்க்கையைப் பார்த்து, வெளியே சொல்ல முடியாத பொறாமை வந்தது? முதல் இரண்டுக்கும் உங்கள் பதில் வந்துவிட்டது. மூன்றாவதுக்கும் கடிதத்தில் ஒரு தடயம் இருக்கிறது. ‘சும்மாதானே வீட்டில் இருக்கிறாய்’ என்று சொன்ன ஓரகத்தி, மாமனார் வைத்தியச் செலவுக்குத் தன் சம்பளத்திலிருந்து 20,000 எடுத்துக் கொடுத்தபோது உங்களுக்கு வலித்தது. அவர் பேச்சைவிட அவர் கையில் இருந்த பணம்தான் உங்களை உறுத்தியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் பெயரில் ஒரு வருமானம் வேண்டும் என்று உங்கள் மனம் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆக, நான் படித்த வரையில் உங்கள் விஷன் ஏறக்குறைய இப்படி இருக்கிறது: ‘கணக்கைக் கண்டு பயப்படும் பிள்ளை என்னிடம் வந்தால் பயம் தெளிந்து போக வேண்டும். என் செலவுக்கும் அவசரத்துக்கும் என் பணம் இருக்க வேண்டும். என் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போகும்போது நான் வெறுமையாக நிற்கக் கூடாது.’ வார்த்தைகள் என்னுடையவை. உங்கள் மொழியில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பதவியின் பெயரோ தொகையோ இதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘அரசுப் பள்ளி ஆசிரியை ஆவேன்’ என்பது ஒரு இலக்கு. தேர்வில் தோற்றால் அது முடிந்துவிடும். மேலே சொன்னதை நிறைவேற்ற ஐந்தாறு வழிகள் உண்டு, ஒன்று அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்கும்.

இது சரிதானா என்று சோதிக்க ஒரு எளிய வழி. ஐந்து வருடம் கழித்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை, எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, இரண்டு பக்கம் எழுதுங்கள். விழா நாள் வேண்டாம். வீட்டில் யார் இருக்கிறார்கள், பத்து மணிக்கு எங்கே இருக்கிறீர்கள், யார் உங்களைத் தேடி வருகிறார்கள், மாதச் செலவு எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். எழுதும்போது கை தானாக வேகமெடுக்கும் இடத்தையும் தயங்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பொட்டிக்கில் உட்கார்ந்திருப்பதாக ஒரு முறை, வகுப்பில் நிற்பதாக ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

மூன்று வழிகளும்

பி.எட். பற்றி நீங்கள் நினைத்திருப்பதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று உங்களுக்குச் சாதகம், ஒன்று பாதகம்.

முதலில் நல்ல செய்தி. 40 வயது உச்சவரம்பு என்பது பழைய தகவல். 2020-ல் பொதுப்பிரிவுக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்று அரசு வைத்தது உண்மை. அதை யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 2023-ல் அந்த வரம்பு முறையே 53, 58 என்று உயர்த்தப்பட்டுவிட்டது. ‘ஒரே வருடம்தான் இருக்கிறது’ என்ற பதற்றத்தைத் தாராளமாகக் கீழே இறக்கி வைக்கலாம். எம்.எஸ்சி.யோடு பி.எட். இருந்தால் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் முதுநிலை ஆசிரியர் போட்டித் தேர்வு எழுதலாம். ஆனால் அது வருடாவருடம் வருவதில்லை. அண்மையில் அறிவிப்பு வந்த வருடங்கள் 2019, 2021, 2025. ஆகவே பி.எட். முடித்த மறுமாதமே தேர்வு என்று கணக்குப் போடாதீர்கள்.

பாதகமான செய்தி, தபால் பி.எட். உங்களுக்குப் பொருந்தாது. தொலைநிலையில் பி.எட். சேர, தொடக்கக்கல்வி ஆசிரியர் பயிற்சி முடித்தவராகவோ பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவராகவோ இருக்க வேண்டும். நீங்கள் கல்லூரிக்கு நேரில்தான் போக வேண்டும். இரண்டு வருடப் படிப்பு. வகுப்புகளுக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை கட்டாயம். பள்ளிப் பயிற்சி மட்டும் 20 வாரம். ‘பணம் கட்டினால் போதும், வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாருங்கள்’ என்று வெளிமாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்கள் உங்களைப் போன்றவர்களைத்தான் தேடுகிறார்கள். நாளை சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கினால் பணமும் போய், வருடமும் போய், அவமானமும் மிஞ்சும். சேருகிற கல்லூரிக்கு, ஆசிரியர் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

ஜூனில் ஓசூர் மாற்றல் உறுதியானால் இங்கே சேர்வது வீண். மாற்றல் தெரிந்த பிறகு, அந்த ஊர்ப் பக்கம் பார்க்கலாம். இல்லையென்றால், பெண் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை பொறுத்துச் சேரலாம். வயது வரம்பு இடம் தருவதால் இதைச் சொல்கிறேன்.

பொட்டிக் விஷயத்தில் என் கருத்து நேரானது: வேண்டாம். தோழி நல்லவராக இருக்கலாம், கடையும் ஓடலாம். ஆனால் உங்கள் ஏழு பக்கக் கடிதத்தில் துணியைப் பற்றியோ வியாபாரத்தைப் பற்றியோ ஒரு வரிகூட ஆசையாக எழுதவில்லை. ‘அவள் கூப்பிடுகிறாள், மறுக்க முடியவில்லை’ என்று மட்டும்தான் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல், கணக்கு யார் பார்ப்பது என்று பேசாமல், அடகு வட்டியோடு ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ‘என் நகையை அடகு வைக்க அவர் அனுமதி தருவாரா’ என்று கேட்டிருக்கிறீர்கள். தாய்வீட்டில் போட்ட நகை சீதனம். அது முழுக்க உங்கள் சொத்து. கணவருக்கு அதில் உரிமை கிடையாது என்று 2024-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவரிடம் கலந்து பேசுவது குடும்ப மரியாதை. அனுமதி கேட்க வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. அந்த நகையைப் பி.எட். கட்டணத்துக்கு வைத்திருங்கள் என்பேன்.

டியூஷன்தான் நாளைக்கே ஆரம்பிக்கக்கூடியது. ஏற்கெனவே நடந்துகொண்டும் இருக்கிறது! உங்கள் பகுதியில் மாதம் 500 ரூபாய் வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டுப் பிள்ளைகள் வந்தால் 4,000. பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் உங்கள் பெயரில் வரும் முதல் தொகை. வேன் டிரைவர் மகனிடம் வாங்க மனம் வராது என்றால் வாங்க வேண்டாம். புதிதாக வருகிறவர்களிடம் வாங்குங்கள். ‘லைசென்ஸ் அது இதென்று வரும்’ என்று கணவர் பயப்படுவதாகத் தெரிகிறது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் கொண்டுவந்த பயிற்சி மைய வழிகாட்டுதல்கள் 50 மாணவர்களுக்கு மேல் உள்ள மையங்களுக்கானவை. கூடத்தில் எட்டுப் பேரை உட்கார வைப்பது அதில் வராது. ஓசூருக்குப் போனாலும் இந்த வேலை உங்களோடு வரும்.

மூன்று மாதம் செய்து பாருங்கள். தினமும் ஒன்றரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். வகுப்பு முடிந்த பிறகு உடம்பு களைத்தாலும் மனம் தெளிவாக இருக்கிறதா, இல்லை எரிச்சல் வருகிறதா என்று ஒரு நோட்டில் இரண்டு வார்த்தை எழுதி வையுங்கள். இரண்டு வருடம் பி.எட்.டுக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்பதற்கு என் ஆலோசனையைவிட அந்த நோட்டு நல்ல பதில் தரும்.

கணவரிடம் பேசுவது

போர்டைப் பார்த்து அவர் சிரித்தது உங்களைப் புண்படுத்தியிருக்கிறது. ஆனால் அவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் மறுப்பைக் கவனமாகப் படித்தேன். ‘வீட்டுக்குள் யார் யாரோ வருவார்கள், அம்மாவுக்கு ஓய்வு இருக்காது.’ நீங்கள் டியூஷன் எடுப்பதை அவர் எதிர்ப்பதாக இதில் இல்லை. நேரமும் இடமும்தான் பிரச்சினை. மாமியார் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை கோயிலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும் வழக்கம் இருந்தால் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மொட்டைமாடியில் ஒரு பாய் போதும். உங்கள் மாமியாரிடமே நேரில் கேளுங்களேன். வீட்டில் பிள்ளைகள் சத்தம் கேட்பதை விரும்பும் பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

‘என் விஷன் இது’ என்று கணவரிடம் ஆரம்பிக்காதீர்கள். மறுபடியும் சிரிப்பார். ‘மூன்று மாதம், இந்த நேரம், இத்தனை பிள்ளைகள், ஜூனில் திரும்பப் பேசலாம்’ என்று கேளுங்கள். வருகிற பணத்தை உங்கள் பெயரில் தனிக் கணக்கில் போடப்போவதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு அது ஒரு சண்டையாக வேண்டாம். அப்புறம், அவரிடமும் அந்தச் செவ்வாய்க்கிழமையை எழுதச் சொல்லுங்கள். ஓசூருக்குப் போவது அவருக்கே விருப்பமா என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அதை நீங்கள் அவரிடம் கேட்டிருக்கிறீர்களா?